அத்தையின் நரைமுடியும் ஒரு மஞ்சள் ஃபில்டரும்: வாசகர் கேள்விகள்

கறுப்பு வெள்ளை மட்டுமே எடுக்கும் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவைப் (லென்ஸ் வழியாக அல்லாமல் தனி ஜன்னலில் பார்த்து, இரண்டு பிம்பங்களை ஒன்றாகச் சேர்த்து ஃபோகஸ் செய்யும் வகை) பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் ஐந்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கலர் கேமராவில் எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் போதாதா? இதற்கென்று தனியாக ஒரு கேமரா எதற்கு?

பலருக்கு அது போதும். எனக்கும் பல வருடங்கள் போதுமானதாகத்தான் இருந்தது.

சென்சாருக்குத் தன்னளவில் நிறம் தெரியாது. எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்பதை மட்டும்தான் அது அளக்கும். நிறம் வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு பிக்சலின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரு குட்டி ஃபில்டர் வைக்கிறார்கள். கோடாக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் யோசித்த அமைப்பு இது. 1976-இல் காப்புரிமை கிடைத்தது. பாதிப் பிக்சல்கள் பச்சை, கால்வாசி சிவப்பு, கால்வாசி நீலம். அதாவது ஒரு பிக்சல் ஒரு நிறத்தைத்தான் பார்க்கிறது. மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் பிக்சல்களை வைத்துக் கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்கிறார்கள்.

மானோக்ரோம், அதாவது கறுப்பு வெள்ளை மட்டுமே எடுக்கும் சென்சாரில் அந்த ஃபில்டர் அடுக்கே கிடையாது. விழுந்த வெளிச்சம் விழுந்தபடி பதிவாகிறது, ஊகித்து நிரப்பும் வேலை இல்லை. துணியின் நெசவு, கண்ணிமை முடி போன்ற நுணுக்கங்களில் இந்த வித்தியாசம் தெரியும். ஃபில்டர் விழுங்கும் வெளிச்சமும் மிச்சமாவதால் ஏறக்குறைய ஒரு ஸ்டாப் லாபம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்காவது அல்லது பாதியாவது). ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்துக்கான உணர்திறனை, ஏற்றினால் கலர் கேமராவில் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் முளைக்குமே, அவை இங்கே வராது. வருவது சாம்பல் மணல் தூவியது போன்ற ஒரு பரப்பு. எனக்கு அது பிடித்திருக்கிறது.

இழப்பும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. கலர் ஃபைல் கையில் இருந்தால் நீல வானத்தை மட்டும் பிறகு கறுக்க வைக்கலாம், முகத்தை மட்டும் வெளுக்க வைக்கலாம். இந்தக் கேமராவில் அந்த வசதி இல்லை. எடுக்கும்போது எந்தச் சாம்பல் விழுந்ததோ அதுதான்.

நான் இதற்கு மாறியதற்குக் காரணமே அதுதான். முன்பெல்லாம் ஒரே படத்தைக் கலரில் ஒன்று, கறுப்பு வெள்ளையில் இரண்டு என்று வைத்துக்கொண்டு எது சரி என்று முடிவெடுக்க முடியாமல் வாரக்கணக்கில் உட்கார்ந்திருப்பேன். இப்போது ஷட்டரை அழுத்தும் முன்பே முடிவெடுத்தாக வேண்டியிருக்கிறது. சுவரில் விழும் வெளிச்சம் எங்கே ஆரம்பித்து எங்கே மங்குகிறது என்று கண் தானாகப் போய்ப் பார்க்கிறது. படத்தைப் பிறகு செதுக்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் கலர் கேமராவிலேயே இருப்பது நல்லது.

கேள்வி: புதிதாக மானோக்ரோம் கேமரா வாங்கினேன். வெள்ளைச் சட்டை, வானம் எல்லாம் வெறும் காகிதமாக வெளுத்துப்போகின்றன. ரா ஃபைலில்கூட (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் கோப்பு) எதையும் மீட்க முடியவில்லை. கேமராவில் கோளாறா?

கோளாறு இல்லை. இதே அடியை நானும் பட்டிருக்கிறேன், நன்றாகவே வலித்தது.

இந்தக் கேமரா வந்த முதல் வாரம் என் அத்தையை ஜன்னலோரம் உட்காரவைத்துப் படம் எடுத்தேன். முகம் நிழலில் இருந்தது, பக்கவாட்டு வெயில் நரைமுடியில் விழுந்தது. முகம் நன்றாக வரட்டும் என்று கலர் கேமராப் பழக்கத்தில் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன். முகம் அருமையாக வந்தது. முடி இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, இழை தெரியாத ஒரு வெள்ளைத் திட்டு. எத்தனை இழுத்தும் அது வரவில்லை. அத்தை போன பிறகு அந்த நாளின் படங்களில் மிஞ்சியது முகம் மட்டும்தான்.

ஏன் இப்படி? கலர் சென்சாரில் பச்சை நிரம்பி வழிந்தாலும் சிவப்பிலோ நீலத்திலோ கொஞ்சம் தகவல் மிச்சமிருக்கும். அதை வைத்து மென்பொருள் ஒப்பேற்றிவிடும். நம் கேமராவில் இருப்பது ஒரே ஒரு சானல். அது நிரம்பிவிட்டால் முடிந்தது, கடன் வாங்க இன்னொரு சானல் இல்லை.

நிழல் பக்கம் நிலைமை நேர் எதிர். இருட்டாகத் தெரிகிற இடத்தில் நம்ப முடியாத அளவு விவரம் ஒளிந்திருக்கும். இரண்டு மூன்று ஸ்டாப் தூக்கினாலும் தாங்கும். அதனால் வெயிலில் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். கேமரா திரையில் படம் இருட்டாகத் தெரியும், பயப்பட வேண்டாம். ஹிஸ்டோகிராமின் (இருட்டு இடப்பக்கமும் வெளிச்சம் வலப்பக்கமுமாகக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தை மட்டும் பாருங்கள், மேடு அந்தச் சுவரில் முட்டி நிற்கக் கூடாது. நேரடியாக வெயில் மின்னும் உலோகமோ எரியும் விளக்கோ வெளுத்தால் பரவாயில்லை. முடியும் துணியும் தோலும் வெளுக்கக் கூடாது.

கேள்வி: சிவப்புப் பூவும் பச்சை இலையும் ஒரே சாம்பலாக வருகின்றன. பிரித்துக் காட்ட என்ன செய்வது?

லென்ஸ் முன்னால் கலர் ஃபில்டர் போட வேண்டும். ஃபிலிம் காலத்தில் செய்த அதே வேலை இங்கே முழுசாகத் திரும்பி வருகிறது. கலர் கேமராவில் சிவப்பு ஃபில்டர் போட்டால் பச்சை, நீலப் பிக்சல்கள் பெரும்பாலும் சும்மா கிடக்கும். மானோக்ரோம் சென்சாரில் எல்லாப் பிக்சலும் வேலை செய்யும்.

விதி எளிது: ஃபில்டர் தன் நிறத்தை வெளுக்க வைக்கும், எதிர் நிறத்தைக் கறுக்க வைக்கும். சிவப்பு ஃபில்டரில் உங்கள் பூ வெள்ளையாகி இலை கறுக்கும். பச்சையில் இலை வெளுத்துப் பூ கறுக்கும். எது வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

என் லென்ஸில் பெரும்பாலான நாள் இருப்பது மஞ்சள். ஒரு ஸ்டாப் வெளிச்சம்தான் சாப்பிடும். வானம் லேசாகக் கறுத்து மேகம் தனியே எழும்பும், முகம் இயல்பாக இருக்கும். ஆரஞ்சு சுமார் இரண்டு ஸ்டாப், அடர்சிவப்பு மூன்று ஸ்டாப். அடர்சிவப்பில் தெளிந்த நீல வானம் ஏறக்குறைய இரவாகிவிடும். அதை முகத்துக்குப் போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். தோல் மாவு பூசியது போலாகி உதடு காணாமல் போகும். முகத்துக்கு மஞ்சள்பச்சை போட்டுப் பாருங்கள், உதட்டின் கோடும் தோலின் வரிகளும் நிற்கும்.

இன்னொன்று. ரேஞ்ச்ஃபைண்டரில் நாம் பார்ப்பது லென்ஸ் வழியாக அல்ல, தனி ஜன்னல் வழியாக. எவ்வளவு அடர்ந்த ஃபில்டர் போட்டாலும் கண்ணுக்குக் காட்சி தெளிவாகவே இருக்கும். ஆனால் சிவப்பு ஒளி சில லென்ஸ்களில் சற்றுத் தள்ளிக் குவியும், ஜன்னலில் அது தெரியாது. அதனால் சிவப்பு ஃபில்டர் போட்டால் லென்ஸ் துளையை எஃப்/5.6 அல்லது எஃப்/8 என்று சுருக்கி வையுங்கள், கூர்மையாக விழும் ஆழம் கூடி அந்தத் தவறை மறைத்துவிடும்.

கேள்வி: ஓடும் குழந்தைகளை இதில் ஃபோகஸ் செய்யவே முடியவில்லை. இரண்டு பிம்பத்தையும் ஒன்றாகச் சேர்ப்பதற்குள் ஆள் போய்விடுகிறார்கள்.

சேர்க்காதீர்கள். 35 எம்எம் லென்ஸை எஃப்/8-இல் வைத்து, ஃபோகஸை 3 மீட்டரில் நிறுத்திவிடுங்கள். சுமார் 2 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை கூர்மையாக இருக்கும். பெரிதாக அச்சிடுவதானால் இன்னும் கொஞ்சம் குறைத்துக் கணக்கிடுங்கள். ஷட்டர் வேகம் 1/500 நொடிக்குக் குறைய வேண்டாம், வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவைத் தயங்காமல் ஏற்றுங்கள். அப்புறம் உங்கள் வேலை தூரத்தை மதிப்பிடுவது மட்டும்தான். நான் வீட்டில் உட்கார்ந்தபடியே கதவு எத்தனை மீட்டர், நாற்காலி எத்தனை மீட்டர் என்று சொல்லிப் பார்த்து, பிறகு கேமராவில் சரிபார்ப்பேன். ஒரு மாதத்தில் கை பழகிவிடும். 50 எம்எம்மில் இந்த வசதி பாதிக்கும் கீழே இறங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வ்யூஃபைண்டரில் ஃபிரேம் கோட்டுக்கு வெளியேயும் காட்சி தெரிகிறதல்லவா? குழந்தை உள்ளே நுழைவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். அந்த ஒரு நொடியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: புதுசு வாங்க வசதியில்லை. 2012-இல் வந்த லைக்கா நிறுவனத்தின் முதல் மானோக்ரோம் கேமராவைப் பழையதாக வாங்கலாமா?

வாங்கலாம். 18 மெகாபிக்சல், சிசிடி என்ற பழைய வகைச் சென்சார். பெரிய பிரிண்டுக்கும் அது போதும். 2023-இல் வந்த எம்11 மானோக்ரோமில் 60 மெகாபிக்சல் இருக்கிறது, எல்லாருக்கும் அது தேவைப்படாது.

ஒன்றை மட்டும் கட்டாயம் கேளுங்கள். அந்தத் தலைமுறைச் சென்சாரின் மேல்கண்ணாடி காலப்போக்கில் அரிக்கும் பிரச்சினை உண்டு. பிறகு வந்த மாற்றுச் சென்சார் போடப்பட்டிருக்கிறதா என்று விசாரியுங்கள். சரி, விற்பவருக்கே தெரியாவிட்டால்? லென்ஸை எஃப்/16-இல் வைத்து வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ ஃபோகஸ் இல்லாமல் எடுத்து, முழு அளவில் பெரிதாக்கிப் பாருங்கள். தூசி என்றால் துடைத்ததும் போய்விடும். துடைத்த பிறகும் ஓரத்தில் மெல்லிய வளையம் சூழ்ந்த புள்ளிகள் அதே இடத்தில் இருந்தால் அந்தக் கேமராவை விட்டுவிடுங்கள்.