பொண்ணு யூரின் இன்ஃபெக்ஷன் கிருமில ப்ராஜெக்ட் பண்றாளாம், இதுக்கு வேலை கிடைக்குமா?

சார் வணக்கம். பொண்ணு எம்எஸ்சி மைக்ரோபயாலஜி கடைசி வருஷம், யூரின் இன்ஃபெக்ஷன் பண்ற பாக்டீரியாவோட வைருலன்ஸ், அதாவது நோய் உண்டாக்கற திறன் பத்தி ப்ராஜெக்ட் எடுக்கப்போறா, இதை வச்சு என்ன வேலை கிடைக்கும், லேப்ல அவளுக்கே ஏதாவது தொத்திக்குமான்னு கேட்டிருக்கீங்க.

ரெண்டாவதை முதல்ல முடிச்சிடலாம். இந்த கிருமிங்க பயோசேஃப்டி லெவல் 2ங்கற நடுத்தர ஆபத்து வகையில வர்றது, காத்துல பறந்து வந்து பிடிக்கிற ரகம் இல்ல, கிளவுஸ், கோட், கை கழுவுறது, பிப்பெட்டை வாயால உறியாம இருக்கறது, இதெல்லாம் ஒழுங்கா இருந்தா பயப்பட ஒண்ணுமில்ல. யூரின் இன்ஃபெக்ஷனை அதிகமா உண்டாக்கற ஈ.கோலை பாக்டீரியா எல்லார் குடல்லயும் இருக்கறதுதானே.

வேலை விஷயம். நேராவே சொல்லிடறேன், "வைருலன்ஸ் தெரிஞ்ச ஆள் தேவை"ன்னு யாரும் விளம்பரம் குடுக்க மாட்டாங்க. ஆஸ்பத்திரி லேப்ல யூரின் கல்ச்சர் வந்தா என்ன கிருமி, எவ்ளோ காலனி, எந்த ஆன்டிபயாடிக் கேக்கும், அவ்ளோதான் ரிப்போர்ட். கிருமிக்கு ஒட்டுற நார் இருக்கா, செல்லை உடைக்கிற ஹீமோலைசின் இருக்கான்னு ரொட்டீனா யாரும் பாக்கறதில்ல. ஆனா வேலை குடுக்கறவங்க டாபிக் பேரை பாக்க மாட்டாங்க, இவளுக்கு கையில என்ன வருது, ரிசல்ட்டை வச்சு எப்படி யோசிக்கிறான்னுதான் பாப்பாங்க, அதுக்கு இந்த டாபிக் நல்ல களம்.

ஏன்னு கேட்டா, ஒரு கிருமி சிறுநீர்ப்பைக்குள்ள தங்கறதே பெரிய பாடு சார். ஒவ்வொரு தடவை யூரின் போகும்போதும் அடிச்சிட்டு போயிடும். அதுக்குத்தான் ஈ.கோலை உடம்பு பூரா டைப் 1 ஃபிம்ப்ரியான்னு மெல்லிசான நார் வச்சிருக்கு, அதோட நுனியில இருக்கற ஃபிம்எச்ங்கற புரோட்டீன் பையோட சுவத்துல இருக்கற மேனோஸ் சர்க்கரையை பிடிச்சுக்கும், அதுவும் இழுக்க இழுக்க இறுகுற சுருக்கு முடிச்சு மாதிரி, யூரின் ஓட்டம் இழுத்தா பிடி இன்னும் கெட்டியாகும். கிட்னி வரைக்கும் ஏறுற ரகங்கள்ல பி ஃபிம்ப்ரியான்னு வேற நார் நிறைய பாக்கலாம், அது பிடிக்கிற சர்க்கரையே வேற. இரும்புச்சத்து கிடைக்காத இடத்துல அதை உறிஞ்சறதுக்கு சிடரோஃபோர் விடும், செல்லை உடைக்க ஹீமோலைசின் விடும். புரோட்டியஸ்னு இன்னொரு கிருமி, அதோட ரூட்டே தனி, யூரியேஸ் என்சைம் வச்சு யூரியாவை அமோனியாவாக்கி யூரினோட பிஎச்சை ஏத்தி விட்டுடும், அதுல கல்லு உருவாகி கத்தீட்டர், அதான் யூரின் போக வைக்கிற குழாய், அடைச்சுக்கும்.

இப்போ மாணவர்கள் வழுக்கி விழற இடம் ஒண்ணு இருக்கு. நிறைய பேர் சாம்பிள் வாங்கி, பிசிஆர்னு ஜீன் இருக்கான்னு பாக்கற டெஸ்ட் போட்டு, இந்த ஜீன் இத்தனை சதவீதம்னு ஒரு டேபிள் போட்டு தீசிஸை முடிச்சிடறாங்க. ஜீன் இருந்தா கிருமி அதை யூஸ் பண்ணுதுன்னு அர்த்தமில்ல. டைப் 1 ஃபிம்ப்ரியாவுக்கு டிஎன்ஏலயே ஒரு ஸ்விட்ச் இருக்கு, ஒரு துண்டு இந்தப் பக்கம் திரும்பினா ஆன், அந்தப் பக்கம் திரும்பினா ஆஃப். அசைக்காம வச்ச குழம்பு மீடியத்துல, அதான் ப்ராத்துல, வளர்த்தா நார் நல்லா வரும், அதே கிருமியை அகார் பிளேட்ல வளர்த்து எடுத்தா பெரும்பாலும் ஆஃப்ல இருக்கும். உங்க பொண்ணு ஸ்லைட்ல கினி பிக் ரத்த அணுவோட ஒரு சொட்டு கல்ச்சர் கலந்து ஆட்டினா கட்டி கட்டியா திரளும், பக்கத்துல மேனோஸ் சேர்த்த சொட்டுல திரளாது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தாதான் டைப் 1 வேலை செய்யுதுன்னு சொல்ல முடியும். பிசிஆர் பாசிட்டிவ், ஸ்லைட் நெகட்டிவ்னு வந்தா ஏன்னு அவளால விளக்க முடிஞ்சா இன்டர்வியூல அந்த ஒரு பதில் போதும், டேபிளை யாரும் கேக்க மாட்டாங்க.

இப்படி கத்துக்கிட்டவங்க டயக்னாஸ்டிக் லேப், ஆஸ்பத்திரி இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல், ஃபார்மா கம்பெனி மைக்ரோ லேப், கத்தீட்டர் மாதிரி டிவைஸ் பண்ற கம்பெனிகளோட பயோஃபில்ம் (கிருமிங்க கூட்டமா ஒட்டி உருவாக்கற படலம்) டெஸ்டிங்னு போகலாம். ஆஸ்பத்திரி லேப்ல ரிப்போர்ட்ல கையெழுத்து போடற தகுதி மட்டும் தனி, அதுக்கு வேற சர்ட்டிபிகேட் கேக்கலாம், முன்னாடியே விசாரிச்சிடுங்க. ரிசர்ச்தான்னா பிஎச்டி போகணும். கிருமியை கொல்லாம அது ஒட்டறதை மட்டும் தடுக்கற மருந்துக்காக, ஃபிம்எச்சோட பிடியை அடைக்கிற மேனோசைட்னு ஒரு வகை மூலக்கூறுல ஆராய்ச்சி நடக்குது, ஆன்டிபயாடிக் கேக்காத கிருமி பெருகறதால இந்தப் பக்கம் ஆர்வமும் ஜாஸ்தி. ஆனா பிஎச்டின்னா வருஷக்கணக்குல போகும், அவளுக்கே ஆசை இருந்தா மட்டும், நீங்க தள்ளாதீங்க.

கைடை பாக்கும்போது ரெண்டு விஷயம் கேட்டு வர சொல்லுங்க. பிசிஆரோட சேத்து ஃபிம்ப்ரியா, ஹீமோலைசின், பயோஃபில்ம் டெஸ்ட்டெல்லாம் அவ கையாலயே பண்ண விடுவாங்களா, இல்ல வேற யாரோ பண்ணி ரிசல்ட் குடுப்பாங்களா? நோயாளி சாம்பிளுக்கு எத்திக்ஸ் கமிட்டி அனுமதி ஏற்கனவே இருக்கா? இல்லன்னா அதுக்கு இப்பவே அப்ளை பண்ணணும், அது வர்ற வரைக்கும் கன்ட்ரோல் ஸ்ட்ரெயின், அதாவது குணம் ஏற்கனவே தெரிஞ்ச லேப் கிருமி வச்சு ஸ்லைட் டெஸ்ட் பழகிக்கட்டும்.