சோக் இழுத்தால்தான் ஓடும் பத்மினி: புதுக் கார்புரேட்டர் வாங்கும் முன்

கேள்வி: திருமங்கலம் அருகே எங்கள் வீட்டுக் கொட்டகையில், அப்பா ஓட்டிய 1979-ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினியைப் புதுப்பித்து வருகிறேன். தகர வேலை, பெயின்ட், சீட் தையல், எஞ்சின் ஓவர்ஹால் எல்லாம் முடிந்துவிட்டன. கார்புரேட்டரை நானே கழற்றிக் கழுவி, புதுக் கிட் போட்டு மாட்டினேன். காலையில் எஞ்சின் பிடித்துக்கொள்கிறது. ஆனால் சோக்கைப் பாதி இழுத்து வைத்தால்தான் நிற்காமல் ஓடுகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் திணறி, கார்புரேட்டர் வாய் வழியாக வெடிக்கிறது. பகலில் நான்குவழிச் சாலையில் போனால் கப்பலூர் தாண்டுவதற்குள் நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் கழித்து, எதுவும் நடக்காதது போலக் கிளம்புகிறது. மாருதி 800 கார்புரேட்டரை மாட்டிவிடலாம் என்கிறார் ஒரு மெக்கானிக். மாட்டலாமா? அடுத்த மாதம் குடும்பத்துடன் கொடைக்கானல் போகவும் எண்ணம் இருக்கிறது.

பதில்: வேண்டாம், இப்போதைக்கு எந்தக் கார்புரேட்டரையும் வாங்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பது மூன்று குறைகள் போலத் தெரிந்தாலும், முதல் இரண்டும் பெரும்பாலும் ஒரே காரணத்திலிருந்து வருபவை. மூன்றாவதற்கும் கார்புரேட்டருக்கும் தொடர்பே இல்லாமல் இருக்கலாம். சோக் என்பது கலவையில் பெட்ரோலின் பங்கைக் கூட்டும் அமைப்பு. அதை இழுத்தால் எஞ்சின் ஓடுகிறது என்றால், சோக் இல்லாதபோது அதற்குக் கிடைக்கும் கலவையில் பெட்ரோல் குறைவாகவோ காற்று அதிகமாகவோ இருக்கிறது என்று பொருள். மிதித்தவுடன் கார்புரேட்டர் வாய் வழியாக வெடிப்பதும் அதே பக்கம்தான் விரலை நீட்டுகிறது. பெட்ரோல் ஏன் குறைகிறது, அல்லது காற்று எந்த வழியாகத் திருட்டுத்தனமாக நுழைகிறது என்பதைக் கண்டுபிடிக்கும் முன்பு எந்தத் திருகைத் திருகினாலும், ஒரு தவற்றின் மேல் இன்னொரு தவற்றை ஏற்றுவதாகவே முடியும்.

கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன்பு ஒரு மணி நேரத்தை இக்னிஷனுக்கும் வால்வுக்கும் ஒதுக்குங்கள். டிஸ்டிரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்டின் இடைவெளி 0.4 முதல் 0.5 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பிளக் ஒயர்கள் 1-3-4-2 என்ற வரிசையில் மாட்டப்பட்டிருக்க வேண்டும். எஞ்சின் ஓவர்ஹால் ஆகி வந்திருப்பதால் வால்வு இடைவெளியை மீண்டும் ஒருமுறை அளந்து பாருங்கள். இன்டேக் வால்வு இறுக்கமாக வைக்கப்பட்டு முழுவதும் மூடாமல் நின்றால், எரியும் வாயு பின்னோக்கித் தள்ளப்பட்டு, நீங்கள் கேட்கும் அதே வெடிச் சத்தம் கார்புரேட்டர் வாயில் கேட்கும். அதைக் கார்புரேட்டரின் குற்றமாக நினைத்து மாதக்கணக்கில் ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சிறு திருகு) மாற்றிக்கொண்டிருந்தவர்கள் உண்டு. பிளக்கில் பொறி விழும் நேரமான டைமிங்கும் சரியாக இருக்கிறது என்று உறுதியான பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும்.

அடுத்தது காற்றுக் கசிவு. வீட்டில் செய்த புதுப்பிப்புகளில் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். கார்புரேட்டரின் அடிப்பகுதி மென்மையான உலோக வார்ப்பு. பல ஆண்டுகளாக யார் யாரோ ஸ்பேனர் வைத்து முறுக்கியதில், இரண்டு நட்டுகளுக்கும் நடுவே அது வில்லாக வளைந்திருக்கும். எத்தனை புதுக் கேஸ்கட் போட்டாலும், ஏன், இரண்டை அடுக்கிப் போட்டாலும் அந்த இடுக்கு வழியே காற்றுப் புகும். கார்புரேட்டரைக் கழற்றி, அடிப்பகுதியை ஒரு தடித்த கண்ணாடிப் பலகை மேல் வைத்து, நடுவில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால், கண்ணாடி மேல் 400 எண் எமரித் தாளை ஒட்டி, எட்டு வடிவில் மெதுவாகத் தேய்த்துச் சமப்படுத்தலாம்; தேய்ப்பதற்கு முன்பு துளைகளை எல்லாம் அடைத்துக்கொள்ளுங்கள். மாட்டும்போது சிலிக்கான் பேஸ்ட் பூசாதீர்கள். பெட்ரோல் பட்டால் அது ஊறி, நூல் நூலாகப் பிரிந்து உள்ளே போய்விடும்.

இன்னொரு கசிவு வழி, ஆக்சிலரேட்டர் தட்டைத் திருப்பும் ஸ்பிண்டில். நாற்பது ஆண்டு மிதித்ததில் அது தாங்கிநிற்கும் துளை முட்டை வடிவமாகியிருக்கும். கடைகளில் கிடைக்கும் கிட் எதுவும் இதைத் தீர்க்காது. சோதிப்பது எளிது. எஞ்சின் ஓடும்போது ஸ்பிண்டிலின் இரு முனைகளிலும் கெட்டியான கிரீஸை அப்புங்கள். ஓட்டம் மாறினாலோ, சோக் இல்லாமல் கொஞ்ச நேரம் நிற்காமல் ஓடினாலோ, திருடன் அகப்பட்டுவிட்டான். மேனிஃபோல்டு (கார்புரேட்டரிலிருந்து எஞ்சினுக்குக் கலவையைக் கொண்டுபோகும் குழாய்) இணைப்புகளிலும் கேஸ்கட் விளிம்பிலும் இதே சோதனையைக் கிரீஸ் அல்லது எஞ்சின் ஆயில் சொட்டுகளால் செய்யலாம். சில பட்டறைகளில் பெட்ரோலைப் பீய்ச்சிச் சோதிப்பார்கள். சூடான சைலென்சர் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் அதைச் செய்வது உயிரோடு விளையாடுவதாகும். ஸ்பிண்டில் தேய்ந்திருந்தால் கப்பலூர் அல்லது கே. புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் நுணுக்க வேலை செய்யும் லேத் பட்டறையில் கொடுத்து, பித்தளை அல்லது வெண்கலப் புஷ் இறக்கித் தரச் சொல்லுங்கள். இரண்டு பக்கத் துளைகளும் ஒரே நேர்கோட்டில் ரீமர் போடப்பட வேண்டும் என்பதை வலியுறுத்துங்கள். திரும்ப மாட்டும்போது, தட்டைப் பிடித்திருக்கும் இரண்டு குட்டித் திருகுகளின் வால் முனையைத் தட்டி விரித்துப் பூட்டியாக வேண்டும். அது கழன்றால் நேராக சிலிண்டருக்குள் விழும். புதிதாகச் செய்த ஓவர்ஹால் அன்றோடு வீண்.

காற்றுக் கசிவு இல்லை என்று தெரிந்தபின், ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சினுக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட்டுக்கு வாருங்கள். எஞ்சினை ஓடவிட்டு, கலவைத் திருகை மெதுவாக உள்ளே திருகுங்கள். நல்ல நிலையில் உள்ள சோலெக்ஸ் கார்புரேட்டரில் திருகு உள்ளே போகப் போகக் கலவை குறைந்து எஞ்சின் தடுமாற வேண்டும். எவ்வளவு திருகினாலும் ஓட்டத்தில் மாற்றமே இல்லை என்றால், பைலட் ஜெட்டோ அதற்குப் போகும் பாதையோ அடைத்திருக்கிறது. அடைப்பை எடுக்கக் கம்பியோ ஊசியோ வேண்டாம். ஜெட்டின் மேல் பொறித்திருக்கும் எண் பெரும்பாலும் துளையின் அளவை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்காகச் சொல்வது. 120 என்றால் 1.20 மில்லிமீட்டர். கம்பி ஒருமுறை உரசினாலே அந்தக் கணக்கு போய்விடும். மெல்லிய தூண்டில் நரம்பும் காற்றுக் கம்ப்ரசரும் போதும். கார்புரேட்டர் உடலைப் பளபளப்பாக்க மணல் அல்லது கண்ணாடித் துகள் அடித்திருந்தால், அந்தத் துகள்தான் உள்பாதைகளில் சிக்கியிருக்கும் என்று நான் பந்தயமே கட்டுவேன். காஸ்டிக் சோடா நீரில் ஊறவைக்கும் வழக்கமும் சிலரிடம் உண்டு. அது அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் தின்றுவிடும்.

மிதித்தவுடன் வரும் திணறலுக்கு ஒரு தனிச் சோதனை உண்டு. எஞ்சினை அணைத்து, ஏர் கிளீனரைக் கழற்றி, உள்ளே பார்த்தபடி கையால் ஆக்சிலரேட்டரைத் திருப்புங்கள். பக்கவாட்டில் டயஃப்ரம் (பெட்ரோலைத் தள்ளும் சவ்வு) மூடி உள்ள வகையானால், திருப்பிய அதே கணத்தில் மெல்லிய பெட்ரோல் தாரை பாய வேண்டும். தாமதமாக வந்தாலோ சொட்டினாலோ டயஃப்ரம் இற்றுவிட்டது, அல்லது உள்ளே உள்ள குண்டு வால்வு ஒட்டிக்கொண்டது.

இங்கே இன்றைய பெட்ரோலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. தூய பெட்ரோல் முழுவதும் எரிய எடைக்கணக்கில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று தேவை; எத்தனாலுக்கு 9 பங்கு போதும்; 20 விழுக்காட்டுக் கலவைக்கு ஏறத்தாழ 13.5 பங்கு. அதாவது 1979-இல் சரியாக இருந்த அதே ஜெட், இன்று எஞ்சினுக்குச் சுமார் 8 விழுக்காடு வறண்ட கலவையைத் தருகிறது. மற்ற எல்லாம் சரியான பிறகும் பிளக் முனை வெளுத்தே இருந்தால், மெயின் ஜெட்டை ஓர் அளவு மட்டும், அதாவது 120 இருந்தால் 125 என்று, கூட்டிப் பாருங்கள். அதற்கு மேல் வேண்டாம். எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்து நொய்யச் செய்யும். காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஆகவே பெட்ரோல் குழாய்கள் எல்லாவற்றையும் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 (SAE J30 R9) என்று அச்சிட்ட குழாயாக மாற்றுங்கள். டயஃப்ரம்களையும் எத்தனாலைத் தாங்கும் வகையாகக் கேட்டு வாங்குங்கள். வண்டி வாரக்கணக்கில் கொட்டகையில் நிற்கப் போகிறது என்றால், டாங்கிலும் கார்புரேட்டர் கிண்ணத்திலும் உள்ள பெட்ரோலை வடித்துவிடுவதே நல்லது.

இனி, பகலில் நின்றுபோகும் குறை. வெயிலில் வண்டி நின்றுபோனால் எல்லோரும் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைத்துவிட்டது என்றே சொல்வார்கள். மதுரைப் பக்கத்துச் சித்திரை வெயிலில் அது நடக்கக்கூடியதுதான். ஆனால் அது பெரும்பாலும் கீழவாசல் நெரிசலில் ஊர்ந்து போகும்போதோ, சூடான எஞ்சினை அணைத்து வைத்தபிறகோ வரும். காற்று நன்றாகப் படும் நான்குவழிச் சாலையில் சீரான வேகத்தில் போகும்போது வருவது குறைவு. அங்கே ஓடும்போது நின்று, அரை மணியில் தானாகச் சரியாகிறது என்றால், நான் முதலில் டாங்கைத்தான் பார்ப்பேன். டாங்கின் உட்புறத்துத் துரு, ஓடும்போது உறிஞ்சுகுழாய் வலையில் போய் அப்பிக்கொள்ளும்; நின்றதும் உதிர்ந்து கீழே படிந்துவிடும். புது மூடியில் காற்றுத் துளை இல்லாமலிருந்தாலோ, பெயின்ட் அடிக்கும்போது அந்தத் துளை அடைபட்டிருந்தாலோ, பெட்ரோல் குறையக் குறைய டாங்குக்குள் வெற்றிடம் உண்டாகிப் பம்ப் இழுக்க முடியாமல் போகும்.

அடுத்த முறை நின்றதும் சாலை ஓரமாகப் பாதுகாப்பாக நிறுத்திவிட்டு, இந்த வரிசையில் பாருங்கள். முதலில் டாங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, வண்டியும் உடனே கிளம்பினால் காரணம் மூடி. இல்லையென்றால் ஏர் கிளீனரைக் கழற்றி, முன்பு சொன்னபடி ஆக்சிலரேட்டரைத் திருப்புங்கள். பெட்ரோல் தாரை பாய்ந்தால் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது. அப்படியானால் குறை மின்சாரத்தில். சூடேறினால் செயலிழக்கும் இக்னிஷன் காயிலும் கண்டன்சரும் இந்த நாடகத்தை அச்சு அசலாக நடத்தும், ஆறியதும் நல்ல பிள்ளையாகிவிடும். பெட்ரோலும் இல்லை, மூடியும் சரி என்றால்தான் ஏ.சி. பம்ப் (எஞ்சினோடு சேர்ந்திருக்கும் பெட்ரோல் பம்ப்) மேல் ஈரத்துணி போட்டுப் பாருங்கள். துணி போட்டதும் கிளம்பினால் சூட்டுக் குமிழ்தான் காரணம். அப்போது பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்க வேண்டிய தடித்த பேக்கிங், ஓவர்ஹாலில் விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். டாங்குக்கும் பம்புக்கும் இடைப்பட்ட குழாயில் மயிரிழை விரிசல் இருந்தால் வெளியே ஒரு சொட்டும் கசியாது, ஆனால் பம்ப் காற்றை இழுக்கும். இது பலரை ஏமாற்றும் குறை.

டாங்கைக் கழற்றிக் கழுவ நேர்ந்தால், டீசலும் ஒரு சிறு சங்கிலியும் போட்டுக் குலுக்கி, பிறகு பாஸ்பாரிக் அமிலத் துரு நீக்கி ஊற்றி, நன்றாக அலசி உலர்த்துங்கள். பெட்ரோல் இருந்த டாங்கை வெல்டிங் பட்டறைக்குக் கொடுக்கவே கூடாது. காலியாகத் தெரியும் டாங்க்தான் வெடிக்கும். டாங்குக்கும் பம்புக்கும் நடுவே உள்ளே தெரியும்படியான சிறு ஃபில்டர் ஒன்றை மாட்டி, பழுப்புத் தூள் வருவது நிற்கும் வரை மாற்றிக்கொண்டே இருங்கள். பம்பை மாற்ற வேண்டியிருந்தால், இன்ஜெக்ஷன் கார்களின் மின்பம்பை மாட்டிவிடாதீர்கள். அதன் அழுத்தம், கார்புரேட்டர் கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை நிறுத்தும் நீடில் வால்வைத் தள்ளித் திறந்து எஞ்சினுக்குள் பெட்ரோலை ஊற்றும். எண்ணெய் அளவுக் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை அடித்தால் எண்ணெயை மாற்றாமல் எஞ்சினை ஓட்டாதீர்கள்.

மாருதி கார்புரேட்டர் 796 சிசி கொண்ட மூன்று சிலிண்டர் எஞ்சினுக்காக அளந்து செய்தது. உங்கள் எஞ்சின் 1089 சிசி. மாட்டி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், கொஞ்சம் மைலேஜும் கூடலாம். ஆனால் மேடு ஏறும்போது மூச்சுத் திணறும். மேலும் உங்கள் குறை காற்றுக் கசிவாகவோ டாங்க் துருவாகவோ இருந்தால், அது புதிய கார்புரேட்டரோடும் அப்படியே தொடரும். 2029-இல் உங்கள் வண்டிக்கு 50 வயது ஆகிறது. 2021-இல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, மூல வடிவிலேயே இருக்கும் வண்டிகளுக்கு விண்டேஜ் பதிவு பெற வழியிருக்கிறது. அப்பாவின் வண்டிக்கு அந்த வாய்ப்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து.

எல்லாம் சரியான பிறகு டியூனிங். ஏர் கிளீனரை மாட்டி, எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, சோக்கை முழுவதும் உள்ளே தள்ளுங்கள். கலவைத் திருகை மென்மையாக மூடி (இறுக்கினால் கூர்முனை கெடும்) ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். அங்கிருந்து, எஞ்சின் மிகச் சீராக ஓடும் இடத்தைத் தேடி, ஓட்டம் கூடினால் வேகத் திருகைக் குறைத்து, மறுபடியும் கலவைத் திருகைப் பாருங்கள். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். கொட்டகைக் கதவு திறந்தே இருக்கட்டும். சோதனை ஓட்டத்துக்கு நான்குவழிச் சாலையைவிட அழகர்கோவில் சாலை நல்லது. ஒதுங்கி நிற்க மர நிழல் கிடைக்கும்.

கொடைக்கானலைப் பொறுத்தவரை, பகல் வெயிலில் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நிற்காமல் ஓடும் வரை மலை ஏற வேண்டாம். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் காற்று மெலிவதால், கீழே சரியாக இருந்த கலவையே அங்கே பெட்ரோல் மிகுந்ததாகிவிடும்; மேலே போகப் போக எஞ்சின் கொஞ்சம் மந்தமாகும், பிளக் கறுக்கும். அதைக் கண்டு அங்கே திருகைக் கையில் எடுக்காதீர்கள். குறைத்துவிட்டு வத்தலகுண்டு இறங்கினால், சமவெளி வெயிலில் கலவை வறண்டு எஞ்சின் கொதிக்கும்.