வாசகர் கேட்டவை: தாத்தாவின் சவரக் கத்தி

(மன்னார்குடிப் பக்கம் 40 வருடத்துக்கு மேல் சலூன் நடத்தி ஓய்ந்தவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அப்பா இறந்த பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு மடக்குக் கத்தி கிடைத்தது. 'சோலிங்கன்' என்று பொறித்திருக்கிறது. 18 வயது மகன், "இதில்தான் ஷேவ் பண்ணுவேன், சொல்லிக்கொடுங்கப்பா" என்கிறான். எனக்கே அதைப் பிடிக்கத் தெரியாது. என்ன செய்யலாம்? (பொள்ளாச்சி வாசகர்)

பதில்: முதலில், அதைத் தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். அரிவாள்மனைக்குச் சுற்றுகிற சக்கரம் இதற்கு எமன். பொறி பறக்கிற சூட்டில் இரும்பின் பதமே போய்விடும். கத்தியின் வாயில் (வெட்டுகிற விளிம்பில்) பல் விழுந்திருந்தாலோ துரு அரித்திருந்தாலோ அலமாரியில் வைத்துக் கும்பிடுங்கள். நன்றாக இருந்தால், 8000 நம்பர் மாதிரி நைஸான தட்டைக் கல்லில், முதுகும் (தடித்த பக்கம்) வாயும் ஒன்றாகப் படியும்படி தீட்டத் தெரிந்த பழைய கை ஒன்றைத் தேடுங்கள். (சோலிங்கன் கம்பெனி பெயர் இல்லை, ஜெர்மனியில் ஓர் ஊர். அந்த வட்டாரத்தில் செய்த கத்திக்கு மட்டுமே அந்தப் பெயர் என்று 1938-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள்.)

அடுத்தது தோல் வார். ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால் கத்தியை அதன்மேல் 40, 50 தடவை இழுக்க வேண்டும். முதுகு முன்னே போக, வாய் பின்னே வர வேண்டும். திருப்பும்போது முதுகின் மேல் புரட்டுங்கள். வாய்ப்பக்கமாகப் புரட்டினால் வாரும் போச்சு, கத்தியும் போச்சு. வார் தொய்ந்தால் முனை மழுங்கும். பையன் ஒரு மாதம் இதை மட்டும் செய்யட்டும். சலித்துப் போய் விட்டுவிட்டான் என்றால் உங்களுக்கும் நிம்மதி.

நான் கற்றது 1968-ல், 12 வயதில். அப்பா அடப்பத்தை (சவரச் சாமான் பையை) இடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவார். கூலி, அறுப்புக்கு அறுப்பு களத்து நெல். முதலில் கவிழ்த்த மண்பானையில் சோப்பு நுரையைப் பூசி வழிக்கச் சொன்னார். மூன்று மாதம் பானைதான். அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை திண்ணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "எனக்குச் செய்டா" என்றார். ஊருக்கே சவரம் செய்கிற அவருக்குச் செய்ய எங்கள் ஊரில் ஆள் கிடையாது. பக்கத்து ஊர் சித்தப்பா வந்தால்தான் உண்டு. எனக்குக் கை நடுங்கி, காதடியில் கீறிவிட்டேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை. படிகாரத்தை எடுக்கச் சொல்லிவிட்டு, "இடது கை தூங்குது பாரு" என்றார்.

அதைத்தான் உங்களுக்கும் சொல்வேன். கத்தி பிடிக்காத கைதான் தோலை இழுத்துப் பிடிக்கிறது. அது தளர்ந்தால் எவ்வளவு கூரான கத்தியும் கடிக்கும். குளித்தவுடன், தாடி ஊறியிருக்கும்போது, நுரை நன்றாகக் கட்டி ஆரம்பியுங்கள். கத்தியைக் கன்னத்தில் படுக்க வைத்து, முதுகை லேசாகத் தூக்குங்கள், 30 டிகிரி போதும். முடி சாய்ந்திருக்கும் பக்கமாகவே இழுக்கணும், குறுக்கே நகர்த்தவே கூடாது. முதல் வாரம் இரண்டு கன்னம் மட்டும், மிச்சத்தை வழக்கமான ரேசரில் முடிக்கட்டும். மோவாயும் மேலுதடும் கடைசிப் பாடம். முகப்பரு இருந்தால் இப்போது வேண்டாம். கத்தி கை நழுவினால் பிடிக்கப் போகாமல் விழ விடச் சொல்லுங்கள். துடைத்துக் காயவைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு.

இன்னொன்று: ஒரு கத்தி, ஒரு முகம். நீங்களும் சேர்ந்து பழகுவதானால் உங்களுக்கென்று வேறு கத்தி வாங்குங்கள்.

கேள்வி: சலூன்களில் பழைய தீட்டுக் கத்தி ஏன் காணாமல் போனது? (கரூர் வாசகர்)

பதில்: எய்ட்ஸ் பயம். மஞ்சள் காமாலைக் கிருமியும் ரத்தத்தில் தொற்றும் என்று வாடிக்கையாளர்கள் தெரிந்துகொண்டார்கள். கண்ணெதிரே புது பிளேடைப் பிரித்தால்தான் நாற்காலியில் உட்கார்ந்தார்கள், அது நியாயமும்கூட. 1904-ல் ஜில்லெட் என்கிற அமெரிக்கர் காப்புரிமை வாங்கிய இருமுனை பிளேடு, ஆட்கள் வீட்டிலேயே சவரம் செய்துகொள்ள வந்தது. அந்த மாதிரி பிளேடைத்தான் நாங்கள் இரண்டாக ஒடித்து, பாதியைக் கத்திப் பிடியில் செருகிப் பிழைத்தோம். தீட்டுகிற வேலை போனதில் எனக்கு வருத்தம் இல்லை. தோள்பட்டைதான் அதற்குச் சாட்சி.

கேள்வி: சீக்கிரமே சவரம் பண்ண ஆரம்பித்தால் தாடி அடர்த்தியாக வளருமாமே? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: வளராது. வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது, கத்தி மேலே போகிறது. வெட்டிய முனை மொட்டையாக இருப்பதால் தடவினால் சொரசொரக்கும், அவ்வளவுதான். இதை நம்பிப் பூனைமுடியோடு வந்த பையன்களிடம் காசு வாங்கியிருக்கிறேன், மன்னிக்கணும்.

கேள்வி: உங்கள் மகனுக்குக் கற்றுக்கொடுத்தீர்களா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: கொடுத்தேன். அவன் தாடி வளர்த்துக்கொண்டு வேறு வேலைக்குப் போய்விட்டான். போன வருடத்திலிருந்து எனக்கு வலது கை நடுங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவன்தான் எனக்குச் செய்கிறான், புது பிளேடு போட்டு. காதடியில் நாலு முடியை எப்போதும் விட்டுவிடுவான்.