ஃபிலிம் கழுவுறதும் டிஜிட்டல் எடிட்டிங்கும்: கேள்வி பதில்

பொள்ளாச்சியிலிருந்து: அண்ணா, தென்னந்தோப்புல மத்தியான வெயில்ல எடுத்த படம். முகம் சரியா இருக்கு, வானம் வெளுத்துப் போச்சு. ரா ஃபைல்தான் (கேமரா சுருக்காம அப்படியே பதிஞ்சது), எடிட்டிங்ல வெளிச்சமான இடத்தைக் குறைக்கிற ஹைலைட் ஸ்லைடரை முழுசா இறக்கியும் மேகம் வரலீங்களே?

பதில்: வராதுங்க தம்பி. சென்சார் நிரம்பின பிறகு விழுந்த வெளிச்சம் பதிவே ஆகல. ஸ்லைடர் அந்த இடத்துல சாம்பல் பூசும், அவ்வளவுதான். நெகட்டிவ் ஃபிலிம் இதுக்கு நேரெதிர். கூடுதல் வெளிச்சத்தை நல்லாவே தாங்கும். நிழல்ல வெளிச்சம் பத்தலைன்னா அங்க படமே பதியாத வெறும் பிளாஸ்டிக் ஃபிலிம் பேஸ்தான் மிஞ்சும். அதனால ஃபிலிமுக்கு நிழலைப் பார்த்து எக்ஸ்போஷர் வைங்க, டிஜிட்டல்ல வெளிச்சமான இடத்தைக் காப்பாத்துங்க. ஹிஸ்டோகிராம் (இருட்டு இடப்பக்கம், வெளிச்சம் வலப்பக்கம்னு காட்டுற வரைபடம்) வலது ஓரத்துல முட்டினா 1 ஸ்டாப், அதாவது வெளிச்சத்தைப் பாதியா, குறைச்சு இன்னொண்ணு எடுங்க. நிழலை அப்புறம் தூக்கிக்கலாம், கொஞ்சம் நாய்ஸ் (புள்ளிப் புள்ளியா) வரும்.

திருப்பூரிலிருந்து: எச்.பி.5 பிளஸ்ங்கிற கருப்பு வெள்ளை ரோலை வீட்டுலயே டி-76 டெவலப்பர்ல கழுவினேனுங்க. சித்திரை வெயில், குழாய்த் தண்ணியே 30 டிகிரி. நெகட்டிவ் ரொம்பக் கருத்திருச்சு, காஞ்ச பிறகு வெள்ளைத் திட்டு வேற.

பதில்: ரெண்டும் வேற வேற கோளாறுங்க. கருத்ததுக்குக் காரணம் சூடு. டி-76ஐ சம அளவு தண்ணி கலந்தா 20 டிகிரியில 11 நிமிஷம், 24 டிகிரியில சுமார் 8. 30 டிகிரிக்குக் கணக்குப் போட்டா நேரம் ரொம்பச் சுருங்கிரும். 5 நிமிஷத்துக்குக் கீழ போனாலே கழுவல் திட்டுத் திட்டா வரும். ஐஸை டெவலப்பர்ல நேராப் போட்டுராதீங்க, கரைசல் நீர்த்துரும். பக்கெட் தண்ணியில ஐஸ் போட்டு பாட்டில்களை அதுக்குள்ள நிறுத்தி 24க்குக் கொண்டு வாங்க. படத்தை நிலைக்க வைக்கிற ஃபிக்ஸரும் அலசுற தண்ணியும் அதே சூட்டுல இருக்கணும். திடீர்னு மாறினா ஃபிலிம் மேல படம் பதியுற எமல்ஷன் பூச்சு சுருங்கி வலை மாதிரி வெடிக்கும், அதை எதுவும் சரி பண்ணாது.

வெள்ளைத் திட்டு போர் தண்ணியோட உப்பு. கடைசி அலசல் மட்டும் டிஸ்டில்டு வாட்டர்ல, தண்ணி சொட்டா நிக்காம வழிய வைக்கிற வெட்டிங் ஏஜென்ட் ரெண்டு சொட்டு விட்டு. சிறுவாணித் தண்ணி வர்ற வீடுகள்ல இந்தத் தொல்லை குறைவு.

கோபியிலிருந்து: சாஃப்ட்வேர்ல பிரஷ் வெச்சு வானத்தைக் கருப்பாக்குறோமே, நெகட்டிவைப் பேப்பர்ல பெருசாக்கிப் பிரிண்ட் போடுற என்லார்ஜர்ல அதையே எப்படிங்க செய்யுறது?

பதில்: டெஸ்ட் ஸ்ட்ரிப்ல (வேற வேற நேரம் வெளிச்சம் கொடுத்துப் பார்க்குற பேப்பர் துண்டு) அடிப்படை நேரம் 10 வினாடின்னு வந்திருக்குன்னு வைங்க. அதைக் கொடுத்துட்டு, மத்த இடத்தை அட்டையால மறைச்சு வானத்துக்கு மட்டும் இன்னொரு 10 வினாடி கொடுத்தா அங்க விழுற வெளிச்சம் 1 ஸ்டாப் கூடும். முகம் வெளுக்கணும்னா கம்பியில ஒட்டின சின்ன அட்டையை 10 வினாடிக்குள்ள 2 வினாடி மட்டும் முகத்தை மறைக்கிற மாதிரி பிடிங்க. அட்டை ஆடிட்டே இருக்கணும். நின்னா ஓரம் கோடா விழும். சாஃப்ட்வேர்ல ஃபெதர் (பிரஷ் ஓரத்தோட மென்மை) குறைவா வெச்சா வர்ற வட்டமும் இதே தப்புதான்.

ஈரோட்டிலிருந்து: ரோலைக் கழுவுற டேங்க்ல ஏத்துறப்ப சிவப்பு பல்பு போடலாங்களா?

பதில்: கூடாதுங்க. இப்ப வர்ற கருப்பு வெள்ளை ரோல் பெரும்பாலும் சிவப்பையும் பார்க்கும். முழு இருட்டு வேணும். சிவப்பு பல்பு கருப்பு வெள்ளை பிரிண்ட் பேப்பருக்குத்தான்.