5 அடி தொட்டிக்குத் தண்ணீர் எங்கிருந்து வரப்போகிறது?

கேள்வி: ஐயா, மதுரை வில்லாபுரத்தில் வாடகை வீட்டில் நான்கு வருடமாக 3 அடி கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். ஒரு ஜோடி கிளவுன் மீன், ஒரு அனிமோன் (கடல் சாமந்தி), சோவா, மஷ்ரூம், லெதர் என்ற மென் பவள வகைகள் இருக்கின்றன. சோவாவையும் மஷ்ரூமையும் வெட்டி ஒட்டி வளர்த்துக் கொஞ்சம் விற்கவும் செய்கிறேன். வைகாசியில் ஒத்தக்கடை பக்கம் சொந்த வீட்டுக்குப் போகிறோம். மாடி ஹாலில் வைக்க 5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் புதுத் தொட்டி சொல்லிவிட்டேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றி, கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் பார்க்கும்படி வைக்க ஆசை. பாக்டீரியா பாட்டில் இரண்டு ஊற்றினால் அன்றைக்கே மீன் விடலாம், ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்திலிருந்து 30 கிலோ லைவ் ராக்கும் (பாக்டீரியா குடியிருக்கும் பவளப் பாறைக் கல்) கேனில் கடல் தண்ணீரும் நானே இறக்கித் தருகிறேன், பழைய மணலை அப்படியே அள்ளிப் போடுங்கள் என்கிறார் கடைக்காரர். மீன்களை எத்தனை மணி நேரம் பாக்கெட்டில் வைக்கலாம்? வழியில் செத்துவிடுமோ என்று தூக்கமே வரவில்லை.

பதில்: தம்பி, வழியில் சாகாது. அந்தக் கவலையை முதலில் விடுங்கள். ஆக்சிஜன் அடித்துக் கட்டிய பாக்கெட்டில் ஒரு நாள் முழுக்கத் தாங்குகிற மீன்கள் இவை, கடைக்கு வந்ததே அப்படித்தான். வில்லாபுரத்திலிருந்து ஒத்தக்கடைக்கு மூடி போட்ட வாளியும் பேட்டரி ஏர் பம்ப்பும் போதும், வெயிலுக்குத் தெர்மாகோல் பெட்டி. விடியுமுன் கிளம்புங்கள். 

இந்த மாதிரி இடமாற்றத்தில் மீன் சாவது பெரும்பாலும் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், நான்காம் நாள். அதற்குக் காரணம் வண்டி அல்ல, தண்ணீரும் மணலும். நீங்கள் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், புதுத் தொட்டியை எந்தத் தண்ணீரில் நிரப்பப் போகிறீர்கள் என்று மட்டும் ஒரு வரி இல்லை. கடைக்காரர் தரும் கேன் இருக்கிறதே என்று நினைத்திருப்பீர்கள். அதனால் தண்ணீரைப் பற்றித்தான் நிறைய எழுதப் போகிறேன்.

அதற்கு முன் ஒன்று. மாடி வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: உள்ளே 500 லிட்டர், கீழே சம்ப் என்கிற வடிகட்டும் தொட்டியில் 100 லிட்டர், கடல் தண்ணீர் லிட்டருக்கு 1.025 கிலோ, 12 மி.மீ. கண்ணாடி மட்டும் நூறு கிலோவுக்கு மேல், அப்புறம் ஸ்டாண்ட், கல், மணல். சுமார் 850 கிலோ வந்துவிடும், அவ்வளவும் 10 சதுர அடியில் நிற்கிறது. வீட்டு அறைகளுக்குத் தளம் போடும்போது சதுர மீட்டருக்கு 200 கிலோ என்றுதான் சுமையைக் கணக்கிடுகிறார்கள். உங்கள் தொட்டி அந்த இடத்தில் அதைப் போல நான்கு மடங்குக்கு மேல். மாடியில்தான் வைப்பேன் என்றால், வீட்டுக்கு வரைபடம் போட்ட இன்ஜினியரிடம் பீம் எங்கே ஓடுகிறது என்று கேட்டு, சுவரை ஒட்டி வைக்கலாமா என்று அவர் வாயால் சொல்லக் கேட்டபிறகு வையுங்கள். மேஸ்திரி சொன்னார் என்பது போதாது. நான் தரைத்தளம்தான் சொல்வேன். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் ஹால் மதுரை மே மாதத்தில் இரவு பத்து மணிக்கும் கொதிக்கும், தொட்டியை 26, 27 டிகிரியில் நிறுத்த, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் ஓயாமல் ஓடி கரன்ட் பில்லைத் தின்றுவிடும்.

சரி, தண்ணீர்.

ஒத்தக்கடை பக்கம் உங்கள் வீட்டில் போர்வெல்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நம் பக்கத்தில் டிடிஎஸ், அதாவது ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகளின் மில்லிகிராம் அளவு (பிபிஎம் என்பதும் அதுதான்), ஆயிரத்தைத் தொடும் போர்வெல்கள் உண்டு. அதை வீட்டு ஆர்.ஓ.வில் விட்டால் அறுபதோ எண்பதோ வரும். குடிக்க அது நல்ல தண்ணீர். ஆனால் நிறைய வீட்டு ஆர்.ஓ. மெஷின்களில் ருசிக்காகக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரைத் திரும்பக் கலந்துவிடும் ஒரு சின்ன வால்வு இருக்கிறது, அது பலருக்குத் தெரியாது. கேன் தண்ணீரிலும் உப்புச் சத்தைத் திரும்பச் சேர்ப்பது வழக்கம். கார்ப்பரேஷன் தண்ணீர் என்றால் குளோரின் கூடவே வரும்.

அறுபது பிபிஎம்தானே, அதில் என்ன வந்துவிடும் என்று என்னிடம் வாதாடுகிறவர்கள் உண்டு. வெயில் காலத்தில் இந்த அளவுத் தொட்டியில், அதுவும் மேலே ஃபேன் ஓடினால், ஒரு நாளைக்கு எட்டு லிட்டர் ஆவியாகும். ஆவியாவது வெறும் தண்ணீர்தான், கரைந்திருக்கிற எதுவும் கூடப் போகாது. நீங்கள் தினமும் எட்டு லிட்டர் ஊற்றி ஈடுகட்டுகிறீர்கள், லிட்டருக்கு 60 மில்லிகிராம் என்றால் தினமும் ஏறக்குறைய அரை கிராம், ஒரு வருடத்தில் 175 கிராம். சுற்றிலும் உரம் போட்ட வயல் இருக்கிற கிணறு என்றால் அதில் நைட்ரேட் இருக்கும், பாறைப் பாங்கான பூமியில் சிலிக்கேட் இருக்கும். தொட்டி வைத்த புதிதில் பழுப்பாகப் படிவதும், ஆறு மாதம் கழித்துக் கல்லெல்லாம் பச்சை முடி போலப் பாசி முளைப்பதும் பெரும்பாலும் இதனால்தான். அதற்குப் பாசி மருந்து விற்க ஒருவர் வருவார். வாங்காதீர்கள், டிடிஎஸ் மீட்டரை வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான்.

செய்ய வேண்டியது இதுதான். ஆர்.ஓ.வுக்குப் பின்னால், மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குழாய் ஒன்று மாட்டி, மீட்டரில் பூஜ்யம் காட்டுகிற தண்ணீரைப் பிடியுங்கள். பூஜ்யம் இல்லாமல் மூன்று, நான்கு என்று ஏற ஆரம்பித்தால் ரெசினை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. சாதாரண 75 கேலன் மெம்பரேன் ஒரு நாளைக்கு 280 லிட்டர் என்று அட்டையில் போட்டிருக்கும், நம் ஊர்த் தண்ணீர் அழுத்தத்தில் அதில் பாதி கிடைத்தாலே பெரிது. அதனால் மாறுவதற்குப் பத்து நாள் முன்பே பிடிக்க ஆரம்பியுங்கள். கழிவுத் தண்ணீர் நிறைய வரும், வீணாக்காமல் தென்னைக்கு விடுங்கள், அது தாங்கும்.

பழைய தொட்டியிலிருந்து 150 லிட்டர் எடுத்துக்கொண்டு போகலாம், மீதி 450 லிட்டர் புதிதாகக் கலக்க வேண்டும். லிட்டருக்கு 36 கிராம் வீதம் 16 கிலோ உப்பு, சமையல் உப்பு அல்ல, கடல்நீர்த் தொட்டிக்கென்று விற்கிற உப்பு. நீல டிரம்மில் தண்ணீரை விட்டு, பம்ப் ஓடும்போது உப்பைப் போடுங்கள், உப்பின்மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். ஒரு நாள் முழுக்க ஓடட்டும். உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 1.025 அல்லது 1.026 வரவேண்டும். அப்புறம் காரத்தன்மையைப் பாருங்கள். உங்கள் பழைய தொட்டி 8 டிகேஹெச்சில் (காரத்தன்மையின் அளவு) இருந்து, புது உப்பு 11 கொடுக்கிறது என்றால், கோரலை ஒரேயடியாக அதில் இறக்காதீர்கள், சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் பழக்குங்கள், அல்லது 8க்குப் பக்கத்தில் வருகிற உப்பாக வாங்குங்கள்.

கேன் கடல் தண்ணீர் பற்றி. கடல் தண்ணீர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்தில் கிளவுன் மீன் குஞ்சு பொரிக்க வைப்பதே கடல் தண்ணீரில்தான். ஆனால் அவர்கள் அதைத் தெளியவிட்டு, வடிகட்டி, கிருமி நீக்கித்தான் பயன்படுத்துகிறார்கள். கடைக்காரர் கரையோரத்தில் முகந்து, மூடிய கேனில் வெயிலில் கொண்டுவருகிற தண்ணீரில் இருந்த நுண்ணுயிர்கள் வழியிலேயே செத்து அழுகி, அம்மோனியாவாகத்தான் உங்கள் வீட்டில் இறங்கும். மழைக்காலம் என்றால் உப்பளவும் குறைந்திருக்கும். 450 லிட்டரை அப்படி வாங்காதீர்கள்.

லைவ் ராக் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மன்னார் வளைகுடா 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 21 தீவுகள். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப் பாறையை வெட்டி எடுத்த கடல் அது, இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. 2010இலும் 2016இலும் சூட்டில் பவளங்கள் வெளுத்தன. மிச்சம் இருப்பதைத் தேற்ற ஆட்கள் பாடுபட்டுக்கொண்டிருக்கிறார்கள். கடினப் பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அதை வைத்திருந்து மாட்டினால் 3 முதல் 7 வருடம் வரை சிறை. கடைக்காரர் கல்லை இறக்கிவிட்டுப் போய்விடுவார், அது கிடப்பது உங்கள் ஹாலில். இவ்வளவையும் விடுங்கள், உங்களுக்கு அந்தக் கல் தேவையே இல்லை. தொட்டிதான் பெரிதாகிறது, மீன் அதே இரண்டுதான். அந்த இரண்டின் கழிவைத் தின்கிற பாக்டீரியா நான்கு வருடமாக உங்கள் பழைய கல்லில் குடியிருக்கிறது. அந்தக் கல் நனைந்தபடியே, தண்ணீருக்குள் மூழ்கியபடியே புது வீட்டுக்குப் போனால் போதும், பாட்டில் பாக்டீரியா காசுக்குப் பிடித்த கேடு. தொட்டி காலியாகத் தெரிகிறது என்றால் செராமிக் கல் வாங்கி அடுக்குங்கள்.

பழைய மணலைத் தூக்கிப் போடுங்கள். நான்கு வருட அழுக்கு அதன் அடியில் இருக்கிறது, காற்றுப் போகாத அடி மண்ணைக் கிளறினால் முட்டை அழுகின நாற்றம் வருமே, அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீனுக்கு விஷம். மூன்றாம் நாள் சாவு என்று சொன்னேனே, அதில் பாதி இந்த மணலால்தான். மேலாக ஒரு டம்ளர் எடுத்துப் புது அரகோனைட் (சுண்ணாம்புச் சத்துள்ள) மணல் மேல் தூவலாம், அவ்வளவுதான்.

மாற்றும் நாளில் வரிசை முக்கியம். புது வீட்டில் தொட்டியைச் சாதாரணத் தண்ணீரில் நிரப்பிக் கசிவு பார்த்து வடித்துவிட்டு, புது மணலைப் பரப்பி, கலந்த உப்புத் தண்ணீர் ஓடி, சூடு சரியாகி இருக்க வேண்டும், அதன் பிறகே பழைய வீட்டில் கை வைக்க வேண்டும். அங்கே முதலில் மேல் தண்ணீரை டிரம்முக்கு எடுங்கள், பிறகு கோரல், பிறகு கல், தண்ணீர் குறைந்து ஒளிய இடம் இல்லாதபோது கடைசியாக மீன். அதுவரை மணலைத் தொடாதீர்கள். லெதரைத் தனிப் பாக்கெட்டில் போடுங்கள், கலங்கினால் அது விடுகிற சளி மற்றதைக் கெடுக்கும். அனிமோனைக் கல்லிலிருந்து பிய்க்காதீர்கள், பாதம் கிழிந்தால் பிழைப்பது கஷ்டம், கல்லோடு தூக்குங்கள். புது இடத்தில் அது பிடித்த இடம் கிடைக்கும்வரை ஊர்ந்துகொண்டே இருக்கும், தண்ணீரை அலையடிக்கும் வேவ்மேக்கர் வாயில் ஸ்பாஞ்ச் கட்டாவிட்டால் அரைபட்டுத் தொட்டி முழுக்க நாசமாகும்.

சோவாவுக்குக் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். அது ஒட்டின கல்லைச் சுடுதண்ணீரில் போடவோ தேய்க்கவோ கூடாது. அதில் இருக்கக்கூடிய பாலிடாக்சின் என்ற கொடிய விஷம் ஆவியோடு மூச்சில் போய் வீட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போன குடும்பங்கள் உலகில் உண்டு. விற்பதற்கு வெட்டுகிறவர் நீங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

கிரகப்பிரவேசத்துக்கு மீனைக் காட்டும் ஆசையை விட்டுவிடுங்கள் தம்பி. ஹோமப் புகையும் புதுப் பெயிண்ட் வாடையும் இருக்கிற அறையில், கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மர் அந்தக் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீரில் கலக்கும், வருகிற குழந்தைகள் பொரியை அள்ளிப் போடும். விழா முடிந்து பத்து நாள் கழித்து, ஜன்னலெல்லாம் திறந்து வாடை போன பிறகு மாற்றுங்கள். தொட்டி தண்ணீரோடு ஓடுவதை வந்தவர்கள் பார்க்கட்டும்.

மாற்றின பிறகு முதல் பத்து நாள் தினமும் டெஸ்ட் கிட்டில் அம்மோனியா பாருங்கள். நிறம் மாறினால் தீவனத்தை நிறுத்தி, கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். அதற்காக ஒரு டிரம் உப்புத் தண்ணீர் எப்போதும் கலந்து தயாராக இருக்க வேண்டும். புது எல்.இ.டி. விளக்கைப் பாதி வெளிச்சத்துக்கும் குறைவாக ஆரம்பித்து, நான்கு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், எடுத்ததும் முழு வெளிச்சம் வைத்தால் மஷ்ரூம் சுருங்கி வெளுக்கும். இரண்டு மாதம் புது மீன் வேண்டாம், அதன் பிறகு வாங்கினாலும் பொரிப்பகத்தில் வளர்ந்த குஞ்சா என்று கேட்டு, ஒவ்வொன்றாக விடுங்கள். இப்போதைக்கு, இன்றே போர்வெல் தண்ணீரின் டிடிஎஸ்ஸையும் ஆர்.ஓ.வுக்குப் பின் வருவதையும் அளந்து எழுதுங்கள், எத்தனை ரெசின் குழாய் மாட்ட வேண்டும் என்று சொல்கிறேன்.