ஒரே வீட்டில் அண்ணனுக்குக் காசநோய், தம்பிக்கு ஒன்றுமில்லை. மரபணுதான் காரணமா?

மரபணுவுக்குப் பங்கு உண்டு, ஆனால் அதுவே முழுக் காரணம் இல்லை.

6ஆம் குரோமோசோமில் எச்.எல்.ஏ. என்றொரு மரபணுக் கூட்டம் இருக்கிறது. கிருமியின் துண்டைச் செல்லின் மேற்பரப்பில் தூக்கிப் பிடித்து, 'இதோ பார்' என்று டி செல் எனும் நோய் எதிர்ப்பு வெள்ளையணுவுக்குக் காட்டும் புரதங்கள் இதிலிருந்துதான் உருவாகின்றன. அந்தக் 'கை' ஆளுக்கு ஆள் வேறு. ஒருவர் கை இறுகப் பிடிக்கும் துண்டு இன்னொருவர் கையில் நழுவிவிடும். எச்.எல்.ஏ. டிஆர்2 வகைக்கும் காசநோய், தொழுநோய்க்கும் தொடர்பு இருப்பதை இந்திய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நடந்தவையும் அவற்றில் உண்டு.

நம் நாட்டில் இன்னொரு சிக்கல், அகமணம். பல நூற்றாண்டுகளாகச் சாதிக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் கொடுத்ததால், ஒரே ஊரில் வாழும் இரு சமூகங்களின் எச்.எல்.ஏ. அமைப்புகூட வேறுபடலாம். 'இந்தியர்களுக்கு எதிர்ப்புச் சக்தி அதிகம்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நான் நம்பாததற்கு இதுவும் ஒரு காரணம். கோவிட் சமயத்தில் கதையே தலைகீழ்! நோயைத் தீவிரமாக்கும், நியாண்டர்தால் என்ற அழிந்துபோன ஆதிமனித இனத்திடமிருந்து வந்த 3ஆம் குரோமோசோம் துண்டு, தெற்காசியரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் இருப்பதாக 2020இல் தெரியவந்தது.

உடன்பிறந்த இருவருக்கு எச்.எல்.ஏ. முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பே 25% தான். ஆனாலும் அண்ணனுக்குச் சர்க்கரை, புகைப்பழக்கம், எடைக்குறைவு உண்டா என்று முதலில் பாருங்கள். தம்பிக்கும் பரிசோதனை செய்துவிடுங்கள். கிருமி உள்ளே உறங்கிக்கொண்டிருக்கலாம்.