டீப் கிளீனிங்குக்கு ஆள் கூப்பிடும் முன்: கேள்வி பதில்

சென்னையில் வீடு சுத்தம் செய்யும் குழுக்களை மேற்பார்வை பார்ப்பது என் தொழில். ஆயுத பூஜையும் தீபாவளியும் நெருங்கினால் ஒரே மாதிரிக் கேள்விகள்தான் வரும். பலரும் கேட்டவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஊர் பெயர் மட்டும் போட்டிருக்கிறேன்.

வேளச்சேரி: அக்கா, எங்களுடையது இரண்டு பெட்ரூம் ஃபிளாட். ஒரு கம்பெனி 2,800 ரூபாய் சொல்கிறது, இன்னொன்று 6,500. ஏன் இவ்வளவு வித்தியாசம்?

விலையைக் கேட்டது சரி. எத்தனை பேர் வருவார்கள், எத்தனை மணி நேரம் இருப்பார்கள் என்று கேட்டீர்களா? சாமான்களோடு ஆள் குடியிருக்கும் இரண்டு பெட்ரூம் வீட்டை ஒழுங்காகச் செய்ய மூன்று பேருக்கு ஏறக்குறைய ஒரு முழுப் பகல் பிடிக்கும். மூன்று பேர் கூலி, போக்குவரத்து, கெமிக்கல், மெஷின் எல்லாம் 2,800க்குள் அடங்காது. அந்த விலைக்கு இரண்டு பேர் வந்து மதியத்துக்குள் கிளம்பிவிடுவார்கள். இல்லையென்றால் வந்த பிறகு "ஃபேன் தனி, பரண் தனி, சிம்னி தனி" என்று ஆரம்பிப்பார்கள். காலி வீடு என்றால் கதை வேறு, குறைந்த விலைக்கும் நல்ல வேலை கிடைக்கும்.

அதனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். ஃபேன், ஸ்விட்ச் போர்டு, ஜன்னல் கம்பி, கொசு வலை, பரண், கிச்சன் ஷெல்ஃபின் உள்பக்கம், பால்கனி, பாத்ரூம் டைல்ஸ் எந்த உயரம் வரை என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஷெல்ஃபில் இருக்கும் பாத்திரங்களை யார் எடுத்து வைப்பது என்பதையும் பேசிவிடுங்கள். பாதி சண்டை அங்கேதான் வருகிறது. 18 சதவீத ஜிஎஸ்டி சொன்ன விலைக்குள் அடக்கமா, மேலே போடுவார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மயிலாப்பூர்: எங்கள் பழைய வீட்டில் மொசைக் தரை. போன வருஷம் வந்தவர்கள் ஆசிட் ஊற்றித் தேய்த்தார்கள். அன்று பளிச்சென்று இருந்தது, சில மாதத்தில் மங்கி, சொரசொரப்பாகிவிட்டது. இந்த முறை வருகிறவர்களிடம் என்ன சொல்வது?

இந்தத் தொழிலில் அதிகம் நடக்கும் சேதம் இதுதான். மொசைக் என்பது சிமென்டும் மார்பிள் சில்லும் கலந்து போட்டு, மெஷினால் தேய்த்துப் பாலிஷ் ஏற்றிய தரை. இரண்டிலும் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, ஆசிட் அதைக் கரைக்கும். நுரைத்துக்கொண்டு பொங்குகிறதே, அழுக்கோடு சேர்ந்து உங்கள் தரையும்தான் அப்படிப் போகிறது. மேல் தோல் உரிந்ததால் அன்று புதிதாகத் தெரிந்திருக்கும். பாலிஷ் போன இடத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் திறந்துவிடும். பிறகு காபி சிந்தினாலும் எண்ணெய் சிந்தினாலும் உள்ளே இறங்கி உட்கார்ந்துகொள்ளும்.

மொசைக், மார்பிள், கடப்பா, ஆத்தங்குடி டைல்ஸ், இந்த நான்கிலும் ஆசிட் கூடவே கூடாது. கிரானைட் கொஞ்சம் தாங்கும், ஆனாலும் பாலிஷ் மங்க வாய்ப்பு உண்டு. வெட்ரிஃபைட் டைல்ஸுக்கு ஒன்றும் ஆகாது என்று வேலையாட்கள் சொல்வார்கள். டைல்ஸுக்கு ஆகாதுதான், ஆனால் இடையில் இருக்கும் சிமென்ட் ஜாயின்ட் கரையும். பாத்ரூமில் அப்படிக் கரைந்தால் தண்ணீர் கீழே இறங்கி, கீழ் வீட்டுக்காரர் ஒருநாள் உங்கள் கதவைத் தட்டுவார்.

உங்கள் தரை எந்தக் கல் என்று தெரியவில்லையா? கட்டிலுக்கு அடியில், யார் கண்ணிலும் படாத மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, சில நிமிஷம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். மங்கலாகத் தடம் விழுந்தால் ஆசிட் ஆகாத தரை. வருகிறவர்கள் லேபிள் இல்லாத பழைய தண்ணீர் பாட்டிலில் மஞ்சளாக எதையாவது கொண்டுவந்தால் அதை வாசலிலேயே வைக்கச் சொல்லுங்கள். அது பெரும்பாலும் கடையில் சில்லறையாக வாங்கிய ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டாகத்தான் இருக்கும். மொசைக்குக்குக் காரமும் புளிப்பும் இல்லாத நியூட்ரல் கிளீனர் போதும். ஏற்கெனவே போன பளபளப்பு எந்தக் கெமிக்கலுக்கும் திரும்பாது. பாலிஷ் மெஷின்காரரைத்தான் கூப்பிட வேண்டும்.

மேடவாக்கம்: போர் தண்ணீர். குழாய், ஷவர் கண்ணாடி எல்லாம் வெள்ளையாக உப்பு. நூறு சதவீதம் எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார், நம்பலாமா?

நம்ப வேண்டாம். குழாயில் படிந்த உப்பு போகும். வினிகரிலோ சிட்ரிக் ஆசிட் கரைசலிலோ துணியை நனைத்துச் சுற்றிவைத்து, இருபது நிமிஷம் கழித்துத் தேய்த்துக் கழுவினால் போதும். ஆளே தேவையில்லை, நீங்களே செய்யலாம். கடும் ஆசிட் போட்டால் உப்போடு குரோம் பூச்சும் போய், உள்ளே இருக்கும் பித்தளை பல்லைக் காட்டும். வருஷக்கணக்கில் காய்ந்து, கண்ணாடியையே அரித்துவிட்ட தடம் முழுசாகப் போகாது. அதை நேர்மையாகச் சொல்கிறவரைக் கூப்பிடுங்கள்.

தாம்பரம்: பாத்ரூம் கழுவும்போது வீடு முழுக்கக் கண் எரிச்சல், இருமல். வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தை இருக்கிறது. இது சாதாரணம்தானா?

சாதாரணம் இல்லை. டாய்லெட் கிளீனர்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் இருக்கிறது. அதன் மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவினால் குளோரின் வாயு கிளம்பும். "ரெண்டையும் சேர்த்துப் போட்டா நல்லா வெளுக்கும்" என்று செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாதி மூடிய சின்ன பாத்ரூமில் இது உயிருக்கே ஆபத்து, முதலில் மாட்டுவது அதைச் செய்யும் ஆள்தான். வாசனை வந்ததும் எல்லோரும் வெளியே வாருங்கள், முடிந்தால் கதவு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். மூச்சுத் திணறினால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ஒரு பாத்ரூமுக்கு ஒரு நாளில் ஒரு கெமிக்கல்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குழந்தையை அன்றைக்குப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவது நல்லது.

அண்ணா நகர்: தெரியாத ஆட்களை எப்படி வீட்டுக்குள் விடுவது? நகை, பணம் பற்றிப் பயமாக இருக்கிறது.

நகை, பணம், பத்திரம் எல்லாவற்றையும் ஒரே பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டார் ஒருவர் கூடவே இருக்கட்டும். வருகிறவர்களின் பெயரையும் மேற்பார்வையாளர் எண்ணையும் முதல் நாளே கேட்டு வாங்குங்கள். தொடர்ந்து வரப்போகும் வீட்டு வேலையாள் என்றால் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே சரிபார்க்க விண்ணப்பிக்கலாம்.

இந்தப் பக்கத்துப் பார்வையையும் சொல்லிவிடுகிறேன். மோதிரம் காணோம் என்று என் குழுவில் வேலை செய்யும் பிள்ளைகளை நிற்கவைத்துப் பையைச் சோதித்துவிட்டு, சாயங்காலம் "தலையணை உறைக்குள்ள இருந்துச்சு மேடம்" என்று போன் வந்திருக்கிறது. மன்னிப்பு வந்ததில்லை. பூட்டிவைப்பது இரண்டு பக்கத்துக்கும் நல்லது என்று அதனால்தான் சொல்கிறேன்.

போரூர்: வேலை செய்தபோது டிவி விழுந்து உடைந்துவிட்டது. கம்பெனி பொறுப்பேற்க மறுக்கிறது.

பில் இருக்கிறதா? பணம் அனுப்பிய ரசீது, பேசிய வாட்ஸ்அப், உடைந்த டிவியின் படம் எல்லாவற்றையும் எடுத்துவையுங்கள். முதலில் எழுத்தில் நஷ்ட ஈடு கேளுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுவும் பலிக்காவிட்டால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று புகார் கொடுக்கலாம். கொடுத்த கட்டணம் 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. பில் வேண்டாம், கொஞ்சம் குறைத்துக்கொள்கிறோம் என்று சொல்லும் ஆட்களிடம் போனால் இந்த வழி கடினமாகிவிடும்.

ஆவடி: டீப் கிளீனிங் ஆட்களிடமே சம்ப்பையும் (தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி) செப்டிக் டேங்கையும் சேர்த்துச் செய்யச் சொல்லலாமா? கொஞ்சம் கூடக் கொடுத்தால் செய்கிறோம் என்கிறார்கள்.

செப்டிக் டேங்குக்குள் ஆளை இறக்காதீர்கள். எவ்வளவு கொடுத்தாலும், அவர்களே சம்மதித்தாலும் கூடாது. உள்ளே தேங்கியிருக்கும் வாயு சில நொடியில் ஆளைச் சாய்த்துவிடும், காப்பாற்ற இறங்குகிறவரும் பல நேரம் பிழைப்பதில்லை. கையால் மலம் அள்ளுவோரைப் பணியமர்த்துவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் ஆளை வைத்துச் செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய வைப்பது குற்றம். கம்பெனிதானே அனுப்பியது என்று வீட்டுக்காரர் தப்ப முடியாது, ஏனென்றால் நேரடியாகவோ மறைமுகமாகவோ யார் அமர்த்தினாலும் சட்டம் பொருந்தும். முதல் முறைக்கே இரண்டு வருஷம் வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடைச் சாவுகளுக்கு இழப்பீடு 30 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் உயர்த்தியது. 14420 என்ற உதவி எண்ணுக்குப் போன் செய்து கழிவு உறிஞ்சும் லாரியை வரவழையுங்கள்.

சம்ப் வேறு, ஆனால் அதிலும் அலட்சியம் வேண்டாம். மோட்டார் மெயினை அணைத்து, மூடியை நன்றாகத் திறந்து காற்றோட விட்டு, மேலே ஒருவர் நிற்க வேண்டும். அதற்கென்றே செய்கிற ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிடுங்கள்.

பெரம்பூர்: நாலாவது மாடி. ஜன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கத்தைச் செய்ய மாட்டோம் என்கிறார்கள்.

நல்ல கம்பெனி. சன்ஷேடில் ஏறி நிற்கச் சொல்லாதீர்கள்.

குரோம்பேட்டை: நவம்பரில் சோஃபா ஷாம்பு போடலாமா?

வேண்டாம். மழை நாளில் ஸ்பாஞ்சு காயாமல் பூஞ்சை வாடை பிடிக்கும். ஜனவரி வரை பொறுங்கள்.

நங்கநல்லூர்: வருகிறவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டுமா?

கட்டாயம் இல்லை, கம்பெனி பார்த்துக்கொள்ளும். குடிக்கத் தண்ணீரும், பெண்கள் போக ஒரு டாய்லெட்டும் கட்டாயம். பத்து மணிக்கு ஒரு டீ கொடுத்தால் சந்தோஷம். நீங்கள் குடிக்கும் டம்ளரிலேயே கொடுங்கள், பேப்பர் கப்பைத் தேடி எடுத்து நீட்டுவது எதற்காக என்று அவர்களுக்கும் புரியும். பதினான்கு வயதுகூட ஆகாத பிள்ளை யாராவது கூட வந்தால் வேலை செய்ய விடாதீர்கள், அது சட்ட விரோதம்.

பல்லாவரம்: எதையெல்லாம் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பது?

வெளிச்சம் இருக்கும்போதே பாருங்கள். ஆறு மணிக்கு மேல் டியூப் லைட்டில் எல்லாமே சுத்தமாகத்தான் தெரியும். நடு ஹாலை விடுங்கள், அதை யாரும் கோட்டை விட மாட்டார்கள். ஃபேன் இறக்கையின் மேல்பக்கம், கதவின் மேல் விளிம்பு, ஸ்லைடிங் ஜன்னல் ஓடும் பள்ளம், வெஸ்டர்ன் டாய்லெட்டின் பின்பக்கம், கேஸ் அடுப்புக்குக் கீழே தொட்டுப் பாருங்கள். பாத்ரூம் ஜாலியைத் தூக்கி ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள், தேங்கினால் குப்பையை அங்கேயே தள்ளியிருக்கிறார்கள் என்று அர்த்தம். சிம்னியின் அலுமினிய வலை கறுத்திருந்தால் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்திருப்பார்கள், அதைக் கேளுங்கள். விட்டுப்போனதைச் சொன்னால் அரை மணியில் முடித்துவிடுவார்கள், ஆட்கள் படி இறங்கிவிட்டால் திரும்ப வரவழைப்பது பெரும்பாடு. பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கம்பெனி கணக்குக்கே அனுப்பி பில் வாங்கிக்கொள்ளுங்கள். டிப்ஸ் கொடுப்பதாக இருந்தால் மட்டும் தனியாக, வந்தவர்கள் கையில்.